அன்மா: பார்வையற்றோர் காத்த தொழில்

2008 அக்டோபர் 30ஆம் தேதி தென்கொரியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மசாஜ் தொழிலுக்கான உரிமத்தைப் பார்வையற்றவர்களுக்கு மட்டுமே கொடுக்கும் சட்டம் செல்லும் என்பது தீர்ப்பு. மறுநாள், அக்டோபர் 31, தைவானின் உச்ச நீதிபதிகள் இதே கேள்விக்கு நேர்மாறான பதிலைச் சொன்னார்கள். அங்கேயும் மசாஜ் தொழில் பார்வையற்றவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அது மற்றவர்களின் வேலை உரிமையைப் பறிக்கிறது, மூன்று ஆண்டுக்குள் அந்தச் சட்டப்பிரிவு காலாவதியாக வேண்டும் என்றார்கள்.

நான் இயன்முறை மருத்துவர். திருநெல்வேலியில் தோள்பட்டை பிடித்துக்கொண்டவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். கையால் பிழைக்கிறவள் என்பதால் இந்த இரண்டு தீர்ப்புகளும் என்னை விடவில்லை. பிடித்துவிடுகிற வேலை எப்படி ஒரு சாராரின் உரிமையாகிச் சட்டம் வரைக்கும் போனது என்று தேடிப் படித்தேன். தென்கொரியா, தைவான் இரண்டுமே ஒரு காலத்தில் ஜப்பானின் ஆட்சியில் இருந்த நாடுகள். கதையின் வேரும் ஜப்பானில்தான்.

ஜப்பானியர்கள் அதை அன்மா என்பார்கள். சீனாவிலிருந்து போன கலை. 701ஆம் ஆண்டில் வகுத்த தைஹோ சட்டத் தொகுப்பிலேயே அரண்மனை மருத்துவத் துறையில் அன்மா கற்பிப்பதற்கென ஆசிரியர் பதவி உண்டு. உடுத்தியிருக்கும் துணியின் மேலேயே செய்வார்கள், எண்ணெய் கிடையாது. மெல்லத் தடவுதல், பிசைதல், அதிரவைத்தல், அழுத்துதல், தட்டுதல், மூட்டுகளை அசைத்தல், இவற்றோடு கையைக் குவித்தும் விரலை விரித்தும் ஓசை எழத் தட்டும் அலங்காரப் பிடி ஒன்று, ஆக ஏழு வகை. நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. மனித உடம்பு வலிக்கிற விதம் எங்கேயும் ஒன்று என்றால், அதை ஆற்றும் கையின் அசைவுகளும் ஏறக்குறைய ஒன்றாகத்தானே இருக்க முடியும்!

எடோ என்ற பெயரோடு இன்றைய தோக்கியோ இருந்த காலத்தில், இருட்டிய பிறகு தெருவில் ஊதல் சத்தம் கேட்கும். கோலைத் தட்டிக்கொண்டு அன்மாக்காரர் வருகிறார் என்று அர்த்தம். கூப்பிட்டால் வீட்டுக்குள் வந்து தோள், முதுகு, இடுப்பு, கால் என்று பிடித்துவிடுவார். 19ஆம் நூற்றாண்டில் உடம்பு முழுக்கப் பிடித்துவிடக் கூலி 48 மோன். அன்றைக்கு ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மோன். மூன்று கிண்ணத்தின் காசு. பெரும் வருமானம் இல்லை, ஆனால் யாரிடமும் கையேந்தாத வருமானம். பார்வையுள்ள அன்மாக்காரர்களும் இருந்தார்கள். ஜப்பானில் இது ஒருபோதும் முழு ஏகபோகமாக இருந்ததில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொழிலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் ஸுகியாமா வாய்ச்சி. 1610இல் பிறந்தவர். சாமுராய்க் குடும்பம், சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. எடோவுக்குப் போய் ஓர் ஆசிரியரிடம் அக்குபங்சர் என்னும் ஊசி மருத்துவம் கற்றார். கை வரவில்லை என்று ஆசிரியர் அனுப்பிவிட்டார். ஏனோஷிமா தீவில் பெந்தன் தேவியின் குகையில் உண்ணாமல் கிடந்து வேண்டினாராம். வெளியே வரும்போது கல் தடுக்கி விழுந்தார். காலில் ஏதோ குத்தியது. தொட்டுப் பார்த்தால், சிறு குழலுக்குள் செருகிக்கொண்டிருந்த பைன் மர ஊசி இலை. அதிலிருந்து பிறந்ததுதான் குழல் வழியாக ஊசி செலுத்தும் முறை என்பது கதை. குகைக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். குழல் மட்டும் உண்மை. சின்னக் குழலைத் தோலில் நிறுத்தி, உள்ளே ஊசியை விட்டு, மேலே தலைகாட்டும் முனையைத் தட்டினால் போதும். ஊசி சரியான இடத்தில், சரியான ஆழத்தில், வலிக்காமல் இறங்கும். கண் தேவையில்லை. இன்றும் உலகம் முழுக்க ஊசி மருத்துவர்கள் அந்தக் குழலைப் பயன்படுத்துகிறார்கள்.

அன்று ஜப்பானை ஆண்ட ஷோகன் சுனாயோஷியின் நோயைக் குணப்படுத்தியபோது என்ன வேண்டும் என்று ஷோகன் கேட்க, ஒரு கண் வேண்டும் என்றாராம் ஸுகியாமா. கிடைத்தது எடோவின் ஹொன்ஜோ பகுதியில் நிலம். அந்த இடத்தில் அவர் பெயரில் கோயில் இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் 1682 வாக்கில் தொடங்கிய பள்ளி. பார்வையற்ற பிள்ளைகள் முதலில் அன்மா, பிறகு ஊசி என்று வரிசையாகக் கற்றார்கள். அவருடைய மாணவர் காலத்தில் நாடெங்கும் கிளைகள் பரவின. பாரிஸில் வாலந்தான் ஆவி பார்வையற்றோர் பள்ளி தொடங்கியது 1780களில். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே எடோவில் பாடத்திட்டத்தோடு ஒரு பள்ளி நடந்திருக்கிறது.

பார்வையற்ற ஆண்களுக்குத் தோதோசா என்ற சங்கம் இருந்தது. வீணை போன்ற பிவாவை மீட்டிக் கதை பாடியவர்களின் சங்கமாகத் தொடங்கி, பிறகு அன்மாக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. உச்சப் படி கென்கியோ, கீழ்ப்படி ஸாதோ. ஸாதோஇச்சி என்ற ஜப்பானியத் திரைப்படங்களின் நாயகன் பெயரில் இருப்பது இந்தக் கீழ்ப்படிதான். படிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வட்டிக்குக் கொடுக்கும் சலுகையும் சங்கத்துக்கு இருந்தது. சில கென்கியோக்கள் கொடும் வட்டி வாங்கிச் சொத்துக் குவித்து, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கத்திடம் தண்டனையும் பட்டார்கள். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அதே சங்கத்தில்தான் ஹனாவா ஹோகிச்சியும் வளர்ந்தார். அன்மா வரவில்லை, இசை வரவில்லை; குரு விரட்டாமல் படிக்கவிட்டார். பிறர் வாசிக்கக் கேட்டே பழைய நூல்களைத் திரட்டி, பெருந்தொகுப்பாக அச்சில் கொண்டுவந்தார். அவருடைய அச்சுக் கட்டைகள் 17,000க்கு மேல் தோக்கியோவில் பத்திரமாக இருக்கின்றன. 1937இல் ஜப்பான் வந்த ஹெலன் கெல்லர் அவருடைய சிலையைத் தொட்டுத் தடவிப் பார்த்தார்.

1871இல் மெய்ஜி அரசு சங்கத்தைக் கலைத்தது. ஒரே உத்தரவில் பாதுகாப்பு போயிற்று. மேற்கத்திய மசாஜும் வந்து சேர்ந்தது. அது தோலின் மேலேயே, கை கால் நுனியிலிருந்து நெஞ்சை நோக்கித் தேய்ப்பது. அன்மா நடுவிலிருந்து நுனி நோக்கிப் போவது. பின்னாளில் நமிகோஷி தோகுஜிரோ கட்டைவிரலால் அழுத்தும் ஷியாட்சுவைப் பிரபலமாக்கினார். 1911இல் தேர்வும் உரிமமும் கட்டாயமாயின. பார்வையற்றோருக்குத் தேர்வில் எளிய பிரிவு ஒன்று தனியாக இருந்தது.

உண்மையான கண்டம் 1947இல் வந்தது. போரில் தோற்ற நாட்டை ஆண்ட அமெரிக்கத் தலைமையகம், ஊசியும், தோலில் மூலிகையை எரித்துச் சூடு வைப்பதும் அறிவியல் இல்லாத, சுகாதாரமில்லாத பழக்கங்கள், தடை செய் என்றது. பார்வையற்றோர் பள்ளி மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவில் இறங்கினார்கள், மனு மேல் மனு போட்டார்கள். டிசம்பரில் நாடாளுமன்றம் அன்மா, ஊசி, சூடு ஆகியவற்றுக்கு உரிமம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. இருநூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகப் பள்ளி, பாடம், தேர்வு என்று வந்த தொழிலாளர்கள் என்பதால்தான் அந்தக் குரலுக்குப் பலம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். தென்கொரியாவில் 2006இல் ஒதுக்கீட்டு விதியை நீதிமன்றம் ரத்துசெய்தபோது, பார்வையற்ற மசாஜ் தொழிலாளர்கள் சியோலின் மாப்போ பாலத்தில் கூடினார்கள். சிலர் ஹான் ஆற்றில் குதித்தார்கள். அதன் பிறகு நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே இயற்றியது. 2008இல் செல்லும் என்று தீர்ப்பான சட்டம் அதுதான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் சித்தப்பா மகன் நினைவு வரும். பிறவியிலேயே பார்வையில்லை. படிப்பு முடிந்ததும் பஸ் நிலையத்தில் எஸ்டிடி பூத் கிடைத்தது. நம்மூரில் அன்றைக்குப் பார்வையற்றவர்களுக்கு நாம் யோசித்துவைத்திருந்தது அதுவும், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதும்தான். பூத்தில் நன்றாகவே சம்பாதித்தான், கல்யாணமும் செய்துகொண்டான். செல்போன் வந்தது. "யக்கா, எல்லார் சட்டைப் பையிலயும் இப்ப ஒரு பூத் இருக்கு. நான் எதுக்கு?" என்றான். அவனிடமிருந்து போனது ஒரு பெட்டிக்கடை. கையோடு கூடவரும் தொழில் எதையும் நாம் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண் போனால் கடவுள் விரலுக்கு வரம் தருவார் என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. என் மாணவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தோள்பட்டைத் தசையில் முடிச்சைத் தேடச் சொல்கிறேன். முதலில் எலும்பையே தசை என்பார்கள், பல மாதம் கழித்து விரல் வைத்தவுடன் சொல்லிவிடுவார்கள். அது பயிற்சி. நல்ல கைக்கு என்ன முடியும் என்பதும் எனக்குத் தெரியும்: இறுகிய கழுத்தையும் முதுகையும் இளக்கும், வலியைச் சில நாளுக்காவது தணிக்கும், பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் வரவைக்கும். எலும்பு முறிவைச் சேர்க்காது. காலில் ரத்தம் உறைந்து கெண்டைக்கால் வீங்கியிருந்தால் தொடவே கூடாது. எங்கே கை வைக்கக் கூடாது என்று அறியத்தான் படிப்பு வேண்டும்.

1964இல் ஜப்பான் இன்னொரு வேலி போட்டது: பார்வையுள்ளவர்களுக்கான அன்மா பள்ளிகளைப் புதிதாகத் தொடங்க அரசு அனுமதி மறுக்கலாம். இது தொழில் சுதந்திரத்துக்கு விரோதம் என்று போட்ட வழக்கில், 2022 பிப்ரவரி 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனாலும் வேலியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உடம்புக்குத் தீங்கு வரும் அபாயம் இருந்தால் மட்டுமே உரிமமில்லாத சிகிச்சைக்குத் தண்டனை என்று 1960இலேயே அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வழியே புகுந்த உரிமமில்லாத களைப்பு நீக்கும் கடைகள் இன்று நகரமெங்கும் இருக்கின்றன. ஒரு காலத்தில் அன்மாக்காரர்களில் பாதிக்கு மேல் பார்வையற்றவர்கள். இன்று அவர்கள் சிறுபான்மை.

புதிதாக ஒரு வாசலும் திறந்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளை ஒரு விகிதத்தில் வேலைக்கு வைக்க வேண்டும் என்று ஜப்பானில் சட்டம். பல நிறுவனங்கள் பார்வையற்ற மசாஜ் வல்லுநர்களை மாதச் சம்பளத்தில் எடுத்து, அலுவலகத்திலேயே ஓர் அறை கொடுக்கின்றன. கணினி முன் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்ட ஊழியர்கள் நேரம் பதிந்து வருகிறார்கள். அந்த வேலைக்குத் தேசிய உரிமத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுப் படிப்பு. உடற்கூறியலும் உடலியங்கியலும் நோயியலும் அவர்கள் பிரெயிலில் படிக்கிறார்கள்.