சித்தூர் ஜில்லாவும் நாலு ஊர் முத்திரையும்

நம்ம ஊர் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால் அட்டஸ்டேஷன் என்று ஒரு படலம் உண்டு, எல்லோரும் பட்டிருப்பீர்கள். சித்தூர், திருப்பதி பக்கத்துத் தமிழர்களுக்கு அது இரட்டைப் படலம். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் சரித்திரத்துக்குள் போக வேண்டும். நான் பி.காம். படித்தவன், சரித்திரம் என் பாடமில்லை. ஆனால் வங்கியில் கையெழுத்து பார்த்தே இருபது வருடம் ஓடிவிட்டதால் இதில் எனக்கு ஒரு ஈடுபாடு.

ஒரு கிளை கொடுத்த டிராஃப்ட் இன்னொரு கிளைக்கு வந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்வோம்? கையெழுத்துப் போட்ட அதிகாரியின் மாதிரிக் கையெழுத்தைப் புத்தகத்தில் தேடி ஒப்பிடுவோம். சான்றிதழிலும் அதே கதைதான். உள்ளூர் பதிவாளரின் கையெழுத்தை மாநிலத் தலைமைச் செயலகம் அறியும். செயலகத்தின் கையெழுத்தை டெல்லி வெளியுறவு அமைச்சகம் அறியும். அமைச்சகத்துடையதை வெளிநாட்டுத் தூதரகம் அறியும். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று அந்த முத்திரைகள் எதுவும் சொல்வதில்லை!

ஆக முதல் கேள்வி, எந்த மாநிலம்? இங்கேதான் சிக்கல்.

1911 வரை சித்தூர், வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம். அந்த வருடம் தனி ஜில்லா ஆனது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிரிந்தபோது ஜில்லா அப்படியே அங்கே போனது. ம.பொ.சி.யின் வடக்கு எல்லைப் போராட்டம் நமக்குத் தெரிந்ததே. பிறகு படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பதிலுக்கு பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. சத்தியவேடு அப்படிப் போனதுதான். டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி, அவர் துணை ஜனாதிபதியாக இருந்த காலத்திலேயே இரண்டு முறை மாநிலம் மாறிவிட்டது பாருங்கள்.

சித்தூர்க்காரருக்கு முத்திரை குத்தும் தலைநகரமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1953 வரை சென்னை, பிறகு கர்னூல், 1956 முதல் ஹைதராபாத், 2014-ல் தெலங்கானா பிரிந்த பிறகு அமராவதி. ஒரு மனுஷனின் ஆயுசுக்குள் நாலு ஊர்!

எனக்குத் தெரிந்த ஒருவர் 2007-ல் தன் அம்மாவை இங்கே சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ள முயன்றார். அப்பா காலமாகி அம்மா தனியாக இருந்தார். தாய்-மகன் உறவைக் காட்ட மகனின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இவர் 1958-ல் திருத்தணியில் பிறந்தவர், பழைய நகலில் ‘சித்தூர் ஜில்லா’ என்றிருந்தது. அதைப் பார்த்த ஏஜெண்ட் நேராக ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே, திருத்தணி எங்களுடையது இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். நியாயம்தானே? கடைசியில் திருத்தணியில் புதிய நகல் வாங்கி, சென்னை முத்திரையோடு வந்து சேர நாலு மாதம். அந்த அம்மா பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, ‘நான் உன்னைப் பெத்ததுக்கு மெட்ராஸ் சாட்சியா, ஐதராபாத் சாட்சியாடா?’ என்று போனில் கேட்டாராம். 

பட்டத்திலும் இந்த வம்பு உண்டு. திருப்பதியில் தேவஸ்தானம் 1945-ல் தொடங்கிய கல்லூரி, ஆரம்பத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தது 1954-ல்தான். 1950-ல் திருப்பதியில் படித்துத் தேறிய தாத்தாவின் பட்டம் சென்னை கொடுத்தது. படித்த ஊரைப் பார்க்காதீர்கள், பட்டத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

அபோஸ்டில் வந்த பிறகு கடைசிப் படி மட்டும் குறைந்தது. இந்தியாவில் அது நடைமுறைக்கு வந்தது 2005 ஜூலை 14. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16. இரண்டு பக்கமும் சேர்ந்திருந்தால் தூதரகத்துக்கு அலைய வேண்டாம். எந்த மாநிலம் என்ற கேள்வி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம், சத்தியவேடும் அதில்தான். பழைய நகலில் சித்தூர் இருக்கும், புதியதில் திருப்பதி வரும். மாநிலம் மாறாததால் முத்திரை விஷயத்தில் பயமில்லை. ஆனால் மற்ற பழைய ஆவணங்களில் மாவட்டம் சித்தூர் என்றே இருக்குமே! அதனால் புதிய நகல் வாங்கினாலும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள்.