எண்ணிய தொகையும் எண்ணாத குடிகளும்

மன்னர் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளும் மட்டுமே வரலாறு ஆகிவிடா. எத்தனை பேர், எந்த இடத்தில், எத்தொழில் செய்து வாழ்ந்தனர் என்பதும் வரலாறே. அதற்குச் சான்று பகர்பவை குடிமதிப்பு ஏடுகள். எனினும் அவ்வேடுகளில் உள்ள எண்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. வீடுவீடாகச் சென்று எண்ணிப் பெற்றது ஒன்று. இரு கணக்கெடுப்புகளுக்கு இடையே கணித்துரைப்பது மற்றொன்று. வளரும் ஊர்களில் இவ்விரண்டும் எவ்வாறு விலகிச் செல்கின்றன என்பதற்கு ஜொகூர் மாநிலத்துச் செனாய் வட்டாரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கணிக்கும் முறை எளியது. முந்தைய கணக்கெடுப்பில் கண்ட தொகையோடு பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, குடிவந்தோரைச் சேர்த்து, குடிபெயர்ந்தோரை நீக்க வேண்டும். பிறப்புக்கும் இறப்புக்கும் பதிவேடு உண்டு. கடல்கடந்து வருவோருக்குத் துறைமுகக் கணக்கு இருந்தது. ஆனால் ஒரு தோட்டத்தை விட்டு அடுத்த ஊருக்குச் செல்லும் குடும்பத்துக்கு எந்தப் பதிவேடும் இல்லை. பிழை நுழையும் வாயில் இதுவே.

மலாயாத் தமிழர் வரலாற்றில் இப்பிழையின் அளவு பெரிது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில் நிகழ்ந்தது. ரப்பர் விலை வீழ்ந்ததால், இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. அன்று சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவில் எண்ணப்பட்ட இந்தியர் 621,847 பேர். 1938இல் உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடுத்தது. 1941இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு போர்ச்சூழலால் நின்றது. பின்னர் ஜப்பானியர் ஆட்சியும் சயாம் மரண ரயில்பாதையும் பல்லாயிரம் தமிழரைப் பலிகொண்டன. 1947இல் மீண்டும் எண்ணியபோது கிடைத்த தொகை 599,616. பதினாறு ஆண்டுகளில் வளர்ந்திருக்க வேண்டிய ஓர் இனம் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் குறைந்திருந்தது. பழைய வளர்ச்சி வீதத்தை மட்டும் நம்பியிருப்போர் இவ்வீழ்ச்சியை ஒருபோதும் கண்டிருக்க முடியாது.

அடுத்து வந்த காலம் வேறுவகைப் பாடத்தைப் புகட்டியது. 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். செனாயிலும் கூலாயிலும் புதுக்கிராமங்கள் எழுந்தன. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளும் பல இடங்களில் வேலிக்குள் ஒன்றுகூட்டப்பட்டன. நாட்டின் மொத்தத் தொகைக்கு இதனால் மாற்றம் இல்லை. ஆனால் ஊர்தோறும் பார்த்தால் ஓரிடம் வெறுமையாயிற்று, ஓரிடம் நிரம்பிற்று. மொத்தக் கணக்கு சரியாக இருக்கும்போதே ஊர்க் கணக்கு பிழையாக இருக்கக்கூடும் என்பதை மாணவர் இங்கே கருத வேண்டும்.

1974இல் செனாயில் வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைகள் பெருகின. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் தாமான்கள் எழுந்தன. 2006இல் தொடங்கிய இஸ்கந்தர் மேம்பாட்டுத் திட்டம் இவ்வட்டாரத்தையும் உள்ளடக்கியது. 2008 வரை ஜொகூர் பாரு மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, அவ்வாண்டில் கூலாய்ஜெயா என்னும் தனி மாவட்டமாயிற்று. 2015இல் கூலாய் என்னும் பழைய பெயரைப் பெற்றது. எல்லை மாறியதை அறியாமல் பழைய தொகையையும் புதிய தொகையையும் ஒப்பிடுவோர் தவறான முடிவுக்கே வருவர்.

வளர்ச்சியின் வேகத்தையும் நோக்குவோம். 2010 முதல் 2020 வரை ஜொகூர் மாநில மக்கள்தொகை சுமார் 33.5 இலட்சத்திலிருந்து 40 இலட்சமாயிற்று. இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வளர்ச்சி. கூலாய் மாவட்டமோ சுமார் இரண்டரை இலட்சத்திலிருந்து 3.3 இலட்சத்தை எட்டியது; இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மாநில வீதத்தைக் கொண்டு மாவட்டத்தைக் கணித்திருந்தால் மூன்று இலட்சம் என்றே விடை வந்திருக்கும். எஞ்சிய முப்பதாயிரம் பேர் மண்ணில் இருப்பர்; ஏட்டில் இரார்.

எங்கே எண்ணுவது என்பதும் எளிய வினா அன்று. மலேசியாவில் 1980 வரை, கணக்கெடுப்பு நாளில் ஒருவர் இருந்த இடத்திலேயே அவர் எண்ணப்பட்டார். 1991 முதல் வழக்கமாக வாழும் இடமே அளவுகோலாயிற்று. சிங்கப்பூரில் உழைத்து, விடுமுறைக்கு மட்டும் வீடு திரும்புவோர் உள்ள ஜொகூரில் இம்மாற்றம் சிறிதன்று.

இவை வெறும் எண் விளையாட்டல்ல. 1957இல் நாட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே உள்ளன. தோட்டம் துண்டாடப்பட்டபோது பெற்றோர் நகருக்குப் பெயர்ந்தனர். பள்ளியோ செம்பனைக்கு நடுவே நின்றுவிட்டது. புதிய தாமானில் எத்தனை தமிழ்க் குழந்தைகள் உள்ளனர் என்பதை உரிய காலத்தில் அறிந்தாலன்றிப் பள்ளியை இடம்மாற்றவோ வகுப்பறை கூட்டவோ இயலாது. இந்தியாவிலும் இந்நிலை உண்டு. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2027க்குக் குறிக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கையே சார்ந்து நின்றது. 1931க்கும் 1947க்கும் இடையே மலாயா கண்ட அதே பதினாறு ஆண்டு இடைவெளி அங்கும் நேர்ந்தது.

கணிப்பைத் தள்ளிவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். கணிப்பின்றித் திட்டமில்லை. ஆனால் எந்த ஆண்டின் தொகை, எந்த எல்லைக்குட்பட்டது, எண்ணியதா கணித்ததா என்னும் மூன்று வினாக்களையும் கேட்ட பின்னரே ஓர் எண்ணை ஏற்கவேண்டும். பள்ளி வருகைப் பதிவேடும் ஆலயக் குடும்பப் பட்டியலும் அவ்வெண்ணைச் சரிபார்க்கத் துணைநிற்கும். கணக்கெடுப்பாளர் வாயிலில் வந்து நிற்கும் நாளில், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் விடாது சொல்வது குடிமக்கள் கடமை. ஏட்டில் ஏறாத குழந்தைக்கு வகுப்பறையில் இருக்கை ஒதுக்குவார் இலர்.