வெறுங்காலும் தகுதிச் சுற்றும்

உலகக் கோப்பைக் கால்பந்து வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி சுற்றத் தொடங்கிவிடும்: 1950இல் இந்தியா தகுதி பெற்றதாம், வெறுங்காலில் ஆட ஃபிஃபா விடவில்லையாம், அதனால் போகவில்லையாம். பழியை வெள்ளைக்காரன்மேல் போட்டுவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ள வசதியான கதை. நடந்தது வேறு.

1930இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையில் தகுதிச் சுற்றே கிடையாது. அழைப்பை ஏற்று வந்த 13 நாடுகள் ஆடின. 1934இல்தான் தகுதிச் சுற்று வந்தது. 1950 பிரேசில் போட்டிக்கான தகுதிச் சுற்றில் இந்தியாவோடு பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் சேர்க்கப்பட்டிருந்தன. மூன்றும் விலகிக்கொண்டன. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் இந்தியா உள்ளே போனது. இத்தாலி, சுவீடன், பராகுவே இருந்த பிரிவில் இடமும் கிடைத்தது. பயணச் செலவில் பெரும்பகுதியைப் பிரேசிலே ஏற்கத் தயாராக இருந்தது. ஆனாலும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, பயிற்சிக்கு நேரமில்லை, அணித் தேர்வில் சிக்கல் என்று சொல்லி விலகியது. அன்றைக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பையின் மதிப்பு எங்களுக்குத் தெரியாது என்ற பொருளில் சைலன் மன்னா பின்னாளில் பேசியிருக்கிறார். ஆக, காலைக் காரணம் காட்டுவது பிற்பாடு ஒட்டவைத்தது.

அந்தக் 'கால்' விஷயத்தில்தான் நமக்குப் பேச இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில், நாகா இனத்தைச் சேர்ந்த தலிமெரன் ஆவ் தலைமையில் பிரான்சிடம் 1-2 என்று தோற்ற அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். அதுவே வசதி என்று விரும்பி ஆடியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெறுங்காலை ஏதோ இந்தியப் பண்பாட்டின் அழகு போல எழுதுகிறவர்கள், முதல் உலகக் கோப்பை நடந்த அதே 1930இன் டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்மேல் விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளையும் கொஞ்சம் படிக்கட்டும். ஆண்கள் சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. நம் செங்கல்பட்டுப் பக்கத்திலும், ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்த கதையைச் சொல்லும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். நம் வெறுங்காலில் விருப்பம் எது, விதி எது?

பூட்ஸ் பிரச்சினை 1952 ஹெல்சிங்கியில் முடிந்தது. யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கூட்டமைப்பு பூட்ஸைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு நான்காம் இடம். உபகரணம் கிடைத்தால் திறமை எங்கிருந்து வருகிறது பாருங்கள்!

இடஒதுக்கீடு என்றதும் 'தகுதி' பேசுகிறவர்களுக்கு 1950இல் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த ஆண்டு கோப்பையை வென்ற உருகுவேயும் தகுதிச் சுற்றில் ஆடவில்லை. அவர்கள் பிரிவிலிருந்த ஈக்வடாரும் பெருவும் விலகிவிட்டன. முதல் சுற்றிலும் பொலிவியாவோடு ஒரே ஆட்டம்தான். அதை யாரும் ஓசி இடம் என்று சொல்வதில்லை.

ஜூலை 16 அன்று மரக்கானா அரங்கில் உருகுவே 2-1 என்று பிரேசிலைத் தோற்கடித்தது. பழி முழுக்க விழுந்தது கறுப்பினக் கோல்கீப்பர் பார்போசாமேல். பிரேசில் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 30 ஆண்டு, நானோ 50 ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று கடைசிக் காலத்தில் வருந்தினார் அவர். 2000இல் இறந்தார். பதினோரு பேர் தோற்ற ஆட்டத்துக்கு ஒருவரின் நிறம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சேரிப் பிள்ளைகளோடு வேலை செய்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2022இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரே சதுரங்கக் கட்டமாக மின்னியது. மகிழ்ச்சிதான். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் நாம் மாலைப் பள்ளி நடத்தும் சேரியில், வற்றிய ஏரிதான் பிள்ளைகளுக்கு மைதானம். மழை வந்தால் அதுவும் இல்லை. போன மாதம் ஒரு தேர்வுக்குப் போன நம் பையன்கள் நான்கு பேரில் இரண்டு பேரை, பூட்ஸ் இல்லை என்று கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இருக்கிற இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான் சின்னவன். அளவு சேராது என்றார்கள். அடுத்த தேர்வு தையில். அதற்குள் இரண்டு ஜோடி தேற்றியாக வேண்டும்.