தகடா, எபாக்சியா? ரப்பர் படகின் பின்பலகைக்கு இரண்டு வைத்தியங்கள்

காற்றடைத்த ரப்பர் படகு என்றதும் பலருக்கும் பஞ்சர்தான் நினைவுக்கு வரும். காற்றுக்குழாயில் ஓட்டை விழுந்தால் காதுக்கே கேட்கும், ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிடலாம். படகை மாதக்கணக்கில் முடக்கிப்போடுவது பின்பலகையில் விழும் விரிசல். அவுட்போர்டு எஞ்சின் கவ்வி நிற்பது அந்தப் பலகையைத்தான். 1930களில் பிரான்சின் சோடியாக் நிறுவனத்தில் பியர் டெப்ரூடெல் இரண்டு காற்றுக்குழாய்களைப் பின்புறம் ஒரு மரப்பலகையால் இணைத்தார். இன்றும் சிறிய படகுகள் பெரும்பாலானவற்றில் அந்த இடத்தில் இருப்பது பிளைவுட்தான்.

அது கீறிவிட்டால் பட்டறையில் இரண்டு வழி சொல்வார்கள். உள்ளும் புறமும் அலுமினியத் தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்குவது ஒன்று. கெட்ட மரத்தைத் தோண்டி எடுத்துவிட்டு எபாக்சியும் கண்ணாடி இழைத் துணியும் கொண்டு பலகையைத் திரும்பக் கட்டுவது மற்றொன்று. முன்னது அரை நாளில் முடியும். பின்னதற்குப் பலகை காய்வதற்கே வாரங்கள் ஆகலாம். மீட்புப் பணிக்குப் போகிற படகென்றால் முதல் வழியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நான் இரண்டாவது வழியின் பக்கம். அதற்கான காரணம் விரிசல் பிறக்கும் விதத்திலேயே இருக்கிறது.

25 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் சுமார் 50 கிலோ இருக்கும். அந்த எடையைப் பலகை எளிதாகத் தாங்கும். சோதனை வருவது விசிறியிலிருந்து. கிளாம்ப் கவ்வும் இடத்துக்கு அரை மீட்டருக்கும் கீழே விசிறி சுழல்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகியதும் அது முன்னே தள்ள, எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டின் கீழ்ப்பகுதி பலகையை உள்ளே அழுத்துகிறது. மேலே கிளாம்ப் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. ஒவ்வொரு திருகலுக்கும் பலகை கொஞ்சம் வளைந்து மீள்கிறது. எஞ்சினைத் தூக்கி மடக்கியபடியே டிரெய்லரில் ஏற்றி, குண்டும் குழியுமான சாலையில் இழுத்துப் போனால் அடி இன்னும் பலம்.

வெள்ளத்தில் ஓடும் படகுக்கு வேறு ஆபத்தும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் ரப்பர் படகுகள் போனபோது தண்ணீருக்கடியில் காம்பவுண்டுச் சுவர்களும் சாலைத் தடுப்புகளும் இருந்தன. எஞ்சினின் அடிப்பாகம் எதிலாவது இடித்தால் அது தானாக மேலே எழும்பிவிட வேண்டும். பின்னோக்கி ஓட்டுவதற்காகப் பூட்டு போட்ட நிலையில் இருந்தால் எழும்பாது. அந்த அதிர்ச்சி முழுவதும் பலகையில் இறங்கும்.

இத்தனையையும் நல்ல பலகை தாங்கும். தாங்காமல் போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். நம் ஊரில் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டின் பசையை 72 மணி நேரம் கொதிக்கவைத்துச் சோதிக்கிறார்கள். அடுக்குகள் பிரியாமல் இருப்பதற்கு அது உத்தரவாதம். ஆனால் பசை கெடாவிட்டாலும் மரம் மக்கலாம். தண்ணீர் வடிய விட்ட துளை, எஞ்சின் போல்ட்டுக்கான துளை, ஏதோ ஒரு கொக்கி மாட்ட யாரோ போட்ட திருகுத் துளை என்று எங்காவது பூச்சு விட்டுப்போயிருக்கும். அங்கே நுழைந்த ஈரம் இழைகளின் வழியே பரவி உள்ளேயே தங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே போனால் தெரிந்துவிடும்: நல்ல மரம் ‘டக்’ என்று சொல்லும், மக்கிய இடத்தில் சத்தம் ‘தொப்’பென்று அமுங்கும். விரிசல் ஓடிய பாதையை இந்த அமுங்கல் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எந்த வைத்தியம் என்று பேச முடியும்.

தகட்டு வேலைக்கு உரிய பெருமையைக் கொடுத்தாக வேண்டும். மழைக்காலத்தில், முகாமில், விளக்கு வெளிச்சத்தில்கூடச் செய்துவிடலாம். கலவை இறுகும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 6 மில்லிமீட்டர் தகடு இரண்டு, கடல் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் 5083 வகை அலுமினியம், 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள், அகலமான வாஷர்கள் போதும். கிளாம்ப் ஒரே புள்ளியில் நசுக்கிக்கொண்டிருந்த பலகையில் சுமை பரவலாக விழும். தகடு சேர்ந்து கூடும் 12 மில்லிமீட்டருக்கு கிளாம்ப்பின் வாய் விரிகிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் அந்த போல்ட்டுகளில் இருக்கிறது. தண்ணீர் நுழைந்த துளையால் கெட்ட பலகைக்கு ஆறோ எட்டோ புதுத் துளைகளைப் போடுகிறோம். உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் நேரடியாக ஒட்டி நின்றால் அலுமினியம் அரிக்கும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, தகடு விரிசலை மூடிவிடுகிறது என்பதுதான். அடியில் மரம் மக்கிக்கொண்டே போனாலும் வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். ஆள் ஏற்றி இறக்குகிற படகில் அப்படி மறைந்து வளரும் பலவீனத்தை நான் ஏற்கமாட்டேன்.

முறையாகத் தகடு போடுகிறவர்கள் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 மில்லிமீட்டரில் துளைத்து, அதைக் கெட்டியான எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் 8 மில்லிமீட்டர் துளை போடுவார்கள். போல்ட் மரத்தைத் தொடாது. தண்ணீரும் மரத்தைத் தொடாது. தகட்டுக்கடியில் சிலிக்கானுக்குப் பதில் பாலியூரித்தேன் சீலன்ட் தடவுவார்கள். இவ்வளவையும் செய்தால் அரை நாள் வேலை இரண்டு நாளாகிவிடும், எபாக்சி டப்பாவையும் திறந்தாகிவிடும்.

எபாக்சி வழிக்கு முதலில் வேண்டியது பொறுமை. ஈர மரத்தில் எபாக்சி சரியாகப் பிடிக்காது. மக்கியதை உளியால் நல்ல மரம் வரும்வரை எடுத்துவிட்டு, நிழலில் மின்விசிறி வைத்துக் காயவிட வேண்டும். வெந்நீராவி, சூட்டுத் துப்பாக்கி என்று அவசரப்பட்டால் பலகையைக் காற்றுக்குழாயோடு பிடித்திருக்கும் பசை இளகிவிடும். காய்ந்த மரத்தில் முதலில் கெட்டியாக்காத எபாக்சியைத் தடவி ஊறவிட வேண்டும். அதன் பிறகு சிலிக்கா தூள் கலந்த பசையால் குழியை நிரப்பி, இரு முகத்திலும் நெய்த கண்ணாடி இழைத் துணியைப் படியவைக்க வேண்டும். ஒட்டும்போது பலகையை இறுக்கிப் பிடிக்கப் போடும் கிளாம்ப்பை அளவோடுதான் முடுக்க வேண்டும். அதிகம் முடுக்கினால் பசை பிதுங்கி வெளியே வந்து இணைப்பு வறண்டுபோகும்.

தமிழகக் கடற்கரையில் பைபர் படகு வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. அந்தக் கைகள் பழகிய பொருள் பாலியஸ்டர் ரெசினும், நெய்யாத கண்ணாடி இழை விரிப்பான மேட்டும். இரண்டும் இங்கே உதவாது. பாலியஸ்டர் மரத்தில் ஆழமாகப் பிடிக்காமல், அதிர்வில் அப்படியே தோலாக உரிந்து வரும். மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது என்பதால் மேட் விறைத்தே நிற்கும், மூலைகளில் படியாது. கைத்திறன் அதே திறன்தான், பொருளை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் இன்னொன்றும் நடக்கும். முதல் கோட் இறுகிய மறுநாள் காலை விரலால் தடவிப் பார்த்தால் மெழுகு பூசியதுபோல் வழுக்கும். அந்தப் படலத்தின் மேல் அடுத்த கோட் நிற்காது. உடனே உப்புத்தாள் போட்டால் அது மேற்பரப்பிலேயே தேய்ந்து பரவிவிடும். முதலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவி, துடைத்து, அப்புறம்தான் தேய்க்க வேண்டும்.

இரண்டு வழிக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு: பலகை ரப்பர் துணியைச் சந்திக்கும் விளிம்பு. எபாக்சியைத் துணி மேல் ஏற்றினால் வளையும்போது வெடித்துவிடும். அங்கே பசை விட்டிருந்தால் பிவிசி படகுக்குப் பாலியூரித்தேன் பசையும் ஹைப்பலான் படகுக்கு நியோப்ரீன் பசையும் தேவை. ஈரக் காற்றில் இரண்டுமே சரியாகப் பிடிக்காது. கதவடைத்த ஏசி அறையில் ஒட்டுவது நல்லது.

தட்டிப் பார்த்ததில் பலகை முழுக்க ‘டக்’கென்று சொல்லி, ஒரே மோதலில் விழுந்த புது விரிசலாக இருந்தால் தகடு போதும். ஐப்பசி மழை தொடங்கியாயிற்று, படகு நாளைக்கே வேண்டும் என்றாலும் தகடுதான். மழைக்காலம் முடிந்ததும் அதைக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம். விரிசலைச் சுற்றி மக்கல் இருந்தால் எபாக்சி. பலகையில் பாதி மக்கியிருந்தால் புதுப் பலகையே சிக்கனம்.

பலகையை எபாக்சியால் கட்டியிருந்தால் அது முழு வலிமை பெற ஏழு நாள் விடுங்கள். எது செய்திருந்தாலும், பழைய விரிசல் ஓடிய இடத்தில் வெள்ளை பெயின்ட் ஒரு கோட் அடித்தால் மயிரிழைக் கீறலும் காட்டிக்கொடுக்கும். படகைத் துறையில் கயிற்றால் கட்டி, எஞ்சினை மெதுவாகத் தொடங்கி முழு வேகம்வரை ஏற்றி, அந்த வெள்ளையை உற்றுப் பார்க்க வேண்டும். தகடு போட்ட படகில் மரம் அமுங்கியிருக்கும் என்பதால், இந்த ஓட்டம் முடிந்ததும் போல்ட்டுகளை ஒருமுறை திரும்ப முடுக்கிவிட வேண்டும்.