தண்ணீர் லாரி வந்த வழி

நம் வளாகத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பராமரிப்புக் கட்டண ரசீதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "சென்னையில் இருந்துகொண்டு தினமும் லாரித் தண்ணீரா?" என்பதுதான். பதில் சொல்ல ஆரம்பித்தால் 250 வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. போகிற வழியில் அந்த லாரியை ஓட்டி வருபவரைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். நம் வாட்ஸப் குழுவில் அவரைப் பற்றி வரும் ஒரே செய்தி "லோடு வந்தாச்சா?" என்பதாகவே இருக்கிறது.

சென்னைக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க ஏழுகிணறு வெட்டினார்கள். அந்தப் பெயரில் இன்றும் ஒரு பேட்டை இருக்கிறது. 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் ஊருக்குள் வந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம், 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம். எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஏற்பாடு. மழை ஏமாற்றினால் ஏரி ஏமாற்றும், ஏரி ஏமாற்றினால் குழாய் ஏமாற்றும்.

ஊரோ குழாய்க்காகக் காத்திருக்காமல் வளர்ந்தது. முதலில் வீடு, பிறகு ரோடு, கடைசியாகத்தான் குடிநீர் இணைப்பு என்பதே நம் புறநகர்களின் வரிசை. இந்த இடைவெளியில் நுழைந்ததுதான் டேங்கர் லாரி. குடிநீர் வாரியம் 1978-ல் உருவானது. 1987-ல் சென்னைப் பெருநகர் பகுதிக்கென நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தபோது, கிணற்று நீரை லாரியில் ஏற்றிச் செல்லவும் உரிமம் வேண்டும் என்று அதிலேயே எழுதினார்கள். சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அந்தத் தொழில் அப்போதே வளர்ந்திருந்தது என்று அர்த்தம்.

லாரி ஓட்டுநரை நகரத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தது 2003-04 வறட்சி. ஏரிகள் வற்றி, குழாய் விநியோகமே ஏறக்குறைய ஒரு வருடம் நின்றுபோனது. அந்தக் காலத்தில் நகரம் குடித்தது, குளித்தது, சமைத்தது எல்லாம் லாரியில் வந்த தண்ணீரிலும் சொந்தக் கிணற்றிலும்தான். தெருமுனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, அதைச் சுற்றி வரிசையில் பிளாஸ்டிக் குடங்கள், லாரி எப்போது வரும் என்று ராத்திரி இரண்டு மணிக்கும் விழித்திருந்த பெண்கள். அப்போது இங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அதே 2004-ல் புதிய வீராணம் திட்டம் முடிந்து, கடலூர் மாவட்டத்து ஏரியிலிருந்து சுமார் 235 கிலோமீட்டர் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தபோதுதான் நகரம் கொஞ்சம் மூச்சுவிட்டது.

அந்த நாட்களில் ஓட்டுநர் கையில் இருந்தது ஸ்டியரிங் மட்டும் இல்லை. எந்தத் தெருவுக்கு முதலில், எத்தனை குடம், யார் வரிசையில் புகுந்தது என்று எல்லாப் பஞ்சாயத்தும் அவர் தலையில் விழுந்தது. தெருவே காத்திருந்து வரவேற்கும் லாரி வேறு எது இருக்கிறது? ஆனால் அதே வண்டி மெயின் ரோட்டுக்கு வந்தால் "தண்ணி லாரி வருது, ஒதுங்கு" என்று ஸ்கூட்டர்காரர்கள் பயந்து விலகுவார்கள். இரண்டுமே நியாயம்தான். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் நாம் யோசிப்பதில்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நம் வாசலுக்கு வரும் 12,000 லிட்டர் லாரி 12 டன் தண்ணீரைச் சுமக்கிறது. வண்டியின் எடை தனி. மணல் லாரியிலும் பாரம் உண்டு, ஆனால் மணல் இருந்த இடத்தில் இருக்கும். தண்ணீர் அப்படி இல்லை. டேங்க் முழுக்க நிரம்பியிருந்தால் அது ஆட இடமில்லை. வழியில் ஓரிடத்தில் பாதியை இறக்கிவிட்டு வரும் லாரிதான் ஆபத்தானது. பிரேக் போட்டால் வண்டி நிற்கும், உள்ளே தண்ணீர் நிற்காது. முன்னால் பாய்ந்து இன்னொரு தள்ளு தள்ளும். வளைவில் திரும்பினால் எல்லாம் வெளிப்பக்கம் சாயும். இதற்காகத்தான் டேங்குக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகளை வைக்கிறார்கள். அவை ஆட்டத்தைக் குறைக்கும், ஒழிக்காது. மிச்சத்தை ஓட்டுநர் காலிலும் கையிலும்தான் சமாளிக்க வேண்டும். நம் பின்கேட் சரிவில் லாரி ஏன் அவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று இனி ஹாரன் அடிக்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

சம்பள முறையையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் லோடு கணக்கில்தான் பேட்டா. கிணற்றடியில் வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் காசில்லை; பள்ளி நேரத்தில் கனரக வண்டிகளுக்குத் தடையுள்ள சாலைகளில் ஒதுங்கி நிற்கும் நேரத்துக்கும் காசில்லை. போன நேரத்தை எங்கே பிடிப்பது? ரோட்டில்தான். இதில் நமக்கும் பங்கு உண்டு. சம்ப் காலியான பிறகு போன் போட்டு "அரை மணியில் வரணும்" என்று நாம் சொல்வது, எங்கோ ஒரு சந்திப்பில் ஆக்சிலேட்டராக மாறுகிறது.

அப்புறம் ஏன் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள்? வெளிமாநில லாரி ஓட்டுபவர் வாரக்கணக்கில் வீடு பார்க்க முடியாது. தண்ணீர் லாரிக்காரர் பெரும்பாலும் தன் வீட்டில் தூங்கலாம். கிளீனராகச் சேர்ந்து ஓஸ் இழுத்து, ஹெவி லைசென்ஸ் எடுத்து ஓட்டுநராகி, கடைசியில் பழைய வண்டி ஒன்றை வாங்கி முதலாளியானவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. படிப்புச் சான்றிதழ் கேட்காமல் இப்படி மேலே வர இடம் தரும் வேலைகள் இந்த நகரத்தில் அதிகம் இல்லை.

2019 வந்தது. ஜூனில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னதும், சில ஹோட்டல்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்ததும் நினைவிருக்கும். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது: 50 வேகன், 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சிகள் எல்லாம் அங்கே திரண்டன. கணக்குப் போட்டால் அது 12,000 லிட்டர் லாரிக்குச் சுமார் 208 லோடு. அதைப் போலப் பல மடங்கு தண்ணீரை லாரிகள் ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டிருந்தன. அங்கே கேமரா போகவில்லை.

கேமரா போகாத இன்னொரு இடம் அந்தத் தண்ணீர் வந்த ஊர்கள். விவசாயக் கிணறுகளிலிருந்து லோடு லோடாக எடுத்தால், பக்கத்து வீட்டுக் கிணறு இறங்கும். கிராமத்தார் லாரியை மறித்தார்கள். அதிகாரிகள் அனுமதியற்ற லாரிகளைப் பிடித்தார்கள், உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறியலில் முதலில் எதிர்ப்பட்டவர் யார்? கிணறும் அவருடையது இல்லை, லாரியும் அவருடையது இல்லை, தண்ணீரும் அவர் வீட்டுக்கு இல்லை. ஆனால் கேபினில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற அளவில், வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால், 100 வீடுகளுக்கு 54,000 லிட்டர், அதாவது நாலரை லோடு வேண்டும். முழுக் குழாய் விநியோகம் வரும்வரை நம் கேட்டில் ஹாரன் சத்தம் ஓயாது.

இந்தக் கோடைக்குச் சங்கம் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறது. மறுநாளுக்கான லோடை முந்தைய மாலை ஆறு மணிக்குள் அலுவலகமே சொல்லிவிடும். தனித்தனியாக யாரும் ஓட்டுநருக்குப் போன் செய்ய வேண்டாம். இரண்டாவது, காவலர் அறைக்குப் பின்னால் உள்ள கழிப்பறையை லாரி ஓட்டுநர்களும் கிளீனர்களும் பயன்படுத்தலாம். இத்தனை வருடம் நமக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்கு அது பூட்டித்தான் இருந்தது. சாவி இரவிலும் காவலரிடம் இருக்கும்.