நடராஜருக்கு முன்னால் ஒரு நீலக்கல்

ஆனந்த குமாரசாமி என்றால் நம்ம ஆட்களுக்கு நடராஜர்தான் ஞாபகம் வரும். 1918-ல் வந்த 'சிவ நடனம்' புத்தகம் அப்படி. ஆனா மனுஷர் லண்டனில் படிச்சது நிலவியலும் தாவரவியலும்! கனிமவியல் வகுப்பில் அவர் பேரைப் பார்த்து நான் முழிச்ச முழி இருக்கே...

இலங்கையில் கங்கபிட்டிய என்ற இடத்தில், சுண்ணாம்புப் பாறையும் கிரானுலைட்டும் ஒட்டுகிற விளிம்பில் கிடைத்த நீலநிறக் கனிமம் அது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜி.டி.பிரையரோடு சேர்ந்து 1903-ல் 'செரண்டிபைட்' என்று விவரித்தார். செரண்டிப், அரபிகள் இலங்கைக்கு வைத்த பெயர்.

கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், போரான் எல்லாம் சேர்ந்த சிலிக்கேட். சாதாரணமாக போரான் டூர்மலினுக்குள் போய் உட்கார்ந்துவிடும். சிலிக்கா குறைந்து கால்சியம் மிகுந்த இடத்தில்தான் இதற்கு வாய்ப்பு. அதான் இவ்வளவு அபூர்வம். கடினம் 6.5 முதல் 7; கிட்டத்தட்ட குவார்ட்ஸ் மாதிரி.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் தலைவர் அவர்தான். கல் தேடி ஊர் ஊராக அலைந்தபோதுதான் கிராமத்துக் கைவினைகள் அழிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். 1908-ல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய புத்தகம் வந்துவிட்டது. அப்புறம் சுத்தியல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எங்க துறைக்கு நஷ்டம்தான் :-)