ட்ரூயிட்: வில்லனுக்கு வைத்த பழம்பெயர்

'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. மறு ஆண்டே 'கிரேஹாக்' என்ற துணைநூல் வந்தது. ட்ரூயிட் என்ற பண்டைய கெல்டியப் பூசாரி இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தது அதில்தான், அதுவும் எதிரிகளும் பூதங்களும் வரும் பட்டியல் வழியாக. ஊர்வன, பறவை, விலங்கு என நாளுக்கு மூன்று முறை உருமாறுவான். பின்னால் முரட்டு வீரர்கள் கும்பலாக வருவார்கள். ஆட்டக்காரர் தாமே ட்ரூயிடாக வேடம் ஏற்கலாம் என்ற விதி 1976இல் 'எல்ட்ரிச் விசார்ட்ரி' நூலோடு வந்தது. ஆக, "ட்ரூயிடைக் கெட்டவனாக்குவது எப்படி?" என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் டஞ்ஜன் மாஸ்டர்கள், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் முதலில் எதிரியாகத்தான் வந்தான். இந்தப் பெயர் போன ஊரிலெல்லாம் அப்படித்தான் வந்திருக்கிறது.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. பண்டைய கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில் வழங்கிய கெல்டிய மொழிச் சொல் இது. லத்தீன் நூல்களில் பெரும்பாலும் பன்மையாக, 'ட்ரூயிதேஸ்' என்று வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி இதைக் கிரேக்கத்தின் 'ட்ரூஸ்' என்ற சொல்லோடு முடிச்சுப் போட்டார். அதற்கு ஓக் மரம் என்று பொருள். கெல்டியச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் வேர் தேடியது தப்புதான். ஆனாலும் ஆள் குருட்டாம்போக்கில் உண்மைக்குப் பக்கத்தில் போய்விட்டார். இன்றைய மொழியியலாளர்கள் இதை 'த்ரு', 'வித்' என இரண்டாகப் பிரிக்கிறார்கள். 'வித்' என்றால் அறிதல். வேதம், வித்தை என்று நாம் வடமொழியிலிருந்து எடுத்துப் புழங்கும் சொற்களிலும் இருப்பது இதே வேர். முன்பாதியான 'த்ரு'வும் நமக்குப் புதிதில்லை, தேவதாருவில் உள்ள 'தாரு'வுக்கு உடன்பிறப்பு. மரத்தை அறிந்தவன் என்று பொருள் கொள்ளலாம்.

இங்கே ஒரு வழக்கு இருக்கிறது. அந்தப் பழைய வேருக்கு மரம் என்ற பொருளோடு உறுதி என்ற பொருளும் உண்டு. ஆங்கிலத்தின் 'ட்ரீ', 'ட்ரூ' இரண்டும் அதே வேரில் கிளைத்தவைதான். அதனால் 'த்ரு' இங்கே மரத்தைக் குறிக்கவில்லை, அறிவை அழுத்திச் சொல்லும் முன்னொட்டுதான், உறுதிபட அறிந்தவன் என்பதே பொருள் என வாதிடுவோரும் உண்டு. நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன். மரத்துக்கு மந்திரம் ஓதுபவன் என்ற படம் இந்தப் பெயரின் மேல் பின்னால் ஏறியது. அறிவாளி என்ற பொருள்தான் அடியில் கிடக்கிறது.

அறிவாளி என்றால் எப்படிப்பட்ட அறிவாளி? ஜூலியஸ் சீசர் தம் கால் போர்க் குறிப்புகளின் ஆறாம் பகுதியில் எழுதுகிறார். ட்ரூயிடுகள் வழக்குகளைத் தீர்த்தார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படாதவனைப் பலிச் சடங்கிலிருந்து விலக்கி வைத்தார்கள். அப்படி விலக்கப்பட்டவனோடு ஊரில் யாரும் பேச மாட்டார்கள். மாணவர்கள் சிலர் 20 ஆண்டு வரைகூடப் படித்தார்கள். எல்லாம் மனப்பாடம். கணக்கு வழக்குக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், தங்கள் கல்வியை மட்டும் எழுத மறுத்தார்கள்.

அந்த மறுப்புக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. தங்களைப் பற்றி ஒரு வரிகூட அவர்கள் எழுதி வைக்காததால், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அவர்களை ஒழிக்க வந்தவர்களே எழுதினார்கள். கொடிகளால் பின்னிய பெரிய உருவங்களுக்குள் உயிருள்ள மனிதர்களை அடைத்துக் கொளுத்துவார்கள் என்ற செய்தியும் சீசரின் அதே ஆறாம் பகுதியில்தான் வருகிறது. 1973இல் வந்த 'தி விக்கர் மேன்' திரைப்படம் அந்தக் கொடியுருவத்தை வைத்து எடுத்ததுதான். இத்தனைக்கும் சீசரின் பக்கத்திலேயே ஒரு ட்ரூயிட் இருந்தார். ஏதுயி இனத் தலைவர் திவிக்கியாகுஸ், ரோமின் கூட்டாளி. சீசர் அவரைப் பற்றிப் பல இடங்களில் எழுதுகிறார், ஆனால் ஓரிடத்திலும் ட்ரூயிட் என்று சொல்லவில்லை. ரோமப் பேச்சாளர் சிசரோ எழுதிய குறிசொல்லுதல் பற்றிய நூலைப் படித்தால்தான் அது தெரியவருகிறது. இயற்கையின் இயல்பு அறிந்தவர் என்று அவரை மதிப்போடு குறிப்பிடுகிறார் சிசரோ. நண்பனுக்கு ஒரு பெயர், நரபலிக்காரனுக்கு ஒரு பெயர்! நரபலி என்றதும் முகம் சுளித்த அதே ரோம், கி.மு. 216இல் கன்னேப் போரில் தோற்ற பயத்தில் ஒரு காலிய இணையையும் ஒரு கிரேக்க இணையையும் நகரச் சந்தையில் உயிரோடு புதைத்தது. இதையும் சொல்லி வைக்க வேண்டும்.

பிளினி வரைந்த காட்சிதான் எல்லாரையும் மயக்கிவிட்டது. வளர்பிறை ஆறாம் நாள். வெள்ளை ஆடை உடுத்திய பூசாரி ஓக் மரத்தில் ஏறி, அதில் ஒட்டி வளர்ந்த புல்லுருவியைப் பொன் அரிவாளால் அறுக்கிறான். கீழே வெள்ளைத் துணியை விரித்து ஏந்துகிறார்கள். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலி கொடுக்கிறார்கள். நம்மூரில் புல்லுருவி என்றால் ஒட்டியிருந்தே உறிஞ்சுகிறவனைத் திட்டும் வசவு. அங்கே அது சர்வரோக நிவாரணி. பொன் எவ்வளவு மென்மையான உலோகம், அதில் அரிவாள் செய்தால் எதை அறுக்கும் என்று பிளினி யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த அரிவாள் இன்றுவரை மொக்கையாகவில்லை. 1959இல் தொடங்கிய ஆஸ்டெரிக்ஸ் படக்கதையில் கிழவர் பனோராமிக்ஸ் இடுப்பில் அதுதான் தொங்குகிறது. டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978 விதிநூலிலும், ட்ரூயிடின் மந்திரம் முழுசாகப் பலிக்க வேண்டுமானால் புல்லுருவியைப் பொன் அரிவாளாலோ வெள்ளி அரிவாளாலோ அறுத்திருக்க வேண்டும்.

கி.பி. 60 அல்லது 61இல் ரோமப் படை, வேல்ஸ் கரையோரத்து மோனா தீவில் இறங்கியது. ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் அந்தக் காட்சியை எழுதியிருக்கிறார். கரையில் கருப்பு உடையணிந்த பெண்கள் தலைவிரி கோலமாகத் தீப்பந்தத்தோடு ஓடுகிறார்கள். ட்ரூயிடுகள் வானத்தை நோக்கிக் கை தூக்கிச் சாபம் இடுகிறார்கள். வீரர்கள் கொஞ்ச நேரம் கை கால் உறைந்து நிற்கிறார்கள். பிறகு வெட்டினார்கள். ட்ரூயிடுகளோடு அவர்களுடைய சோலைகளையும் வெட்டினார்கள்.

ஐரோப்பாக் கண்டத்தில் சொல் அடங்கியது. ரோம் கால் வைக்காத அயர்லாந்தில் அது உயிரோடு இருந்தது. பழைய ஐரிஷில் 'ட்ரூயி'. அதிலிருந்து வந்த 'த்ரீஹக்த்' இன்றைய ஐரிஷில் மந்திர தந்திரம் என்று மட்டுமே பொருள்படும். அங்கும் பேனா பிடித்தவர்கள் கிறித்தவத் துறவிகள்தான். அப்போஸ்தலர் நடபடிகளில் காசு கொடுத்து அருள் வாங்கப் பார்த்த சீமோன் என்ற மாயவித்தைக்காரனையே ஐரிஷில் 'சீமோன் ட்ரூயி' ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலோ-சாக்சன்களும் அந்தச் சொல்லைக் கடன் வாங்கினார்கள்; பழைய ஆங்கிலத்தில் 'ட்ரீ' என்றால் சூனியக்காரன், 'ட்ரீக்ராஃப்ட்' என்றால் சூனியம். மரத்தைச் சுட்டும் சொல் அங்கே வேறு. அறிந்தவன் என்ற பெயர், கடல் தாண்டியதும் அஞ்சத்தக்கவன் ஆகிவிட்டது.

ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் மூர்கூ என்ற துறவி லத்தீனில் எழுதிய புனித பாட்ரிக் வரலாறுதான் வில்லன் தேடுகிறவருக்கு அட்சய பாத்திரம். மன்னன் லோய்கரேயின் அவையில் இரண்டு மந்திரவாதிகள், லோக்ருவும் லூகத் மேலும். பாட்ரிக்கோடு போட்டி. லூகத் மேல் சமவெளி முழுக்க இடுப்பளவு பனியை இறக்குகிறான். கூட்டம் வாயைப் பிளக்கிறது. "சரி, இப்போது இதை எடு" என்கிறார் பாட்ரிக். நாளைக்கு இதே நேரம் வரை முடியாது என்கிறான் அவன். பாட்ரிக் ஆசீர்வதித்ததும் மழையும் மேகமும் காற்றும் இல்லாமலே பனி மறைந்துவிடுகிறது. மந்திரத்தைத் தொடங்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. எந்த விதிநூலிலும் இதைவிடக் கச்சிதமாக ஒரு கெட்ட ட்ரூயிடை யாரும் வரையவில்லை என்பேன்.

சொல்லுக்குப் பிறகு நேர்ந்த சீர்திருத்தம் இன்னும் வேடிக்கை. 1740இல் பழமை ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை ட்ரூயிடுகளின் கோயில் என்று நூல் எழுதினார். அங்கே பெருங்கற்களை நட்டதற்கும் ட்ரூயிட் என்ற பெயர் முதன்முதலில் ஏட்டில் ஏறியதற்கும் நடுவில் 2,000 ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. அடுத்து வந்தவர் கொத்தனார் ஒருவர்; ஏட்டில் எட்வர்ட் வில்லியம்ஸ், தாமே வைத்துக்கொண்ட பெயர் யோலோ மோர்கனுக். 1792இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் வட்டமாகக் கல் வைத்துச் சடங்கு நடத்திவிட்டு, இது தொன்றுதொட்டு வருவது என்றார். பெரும்பாலும் அவரே கட்டியது. ஆனால் வேல்ஸின் கவிஞர் மன்றம் இன்றும் அந்தச் சடங்கை நடத்துகிறது; அதன் தலைவருக்குப் பெயர் 'ஆர்க்ட்ரூயிட்'. 1978 விதிநூலிலும் பதின்மூன்றாம் படியில் உலகத்தில் மூன்றே மூன்று ஆர்க்ட்ரூயிடுகள் உண்டு. அதற்கும் மேல் போக வேண்டுமானால், இருக்கும் ஒரே பெரிய ட்ரூயிடோடு மோதி ஜெயிக்க வேண்டும். இயற்கைக் காவலன் என்ற படம் ஸ்டூக்லி, யோலோ இருவருடைய காலத்துச் சரக்கு.

அந்தக் காவலன் படத்தை வைத்துத்தான் ஆட்டத்தில் ட்ரூயிடை நடுநிலைக்காரன் என்று கட்டிப் போட்டார்கள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, சமநிலை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்புதான் ஓரளவு நடுநிலை இருந்தால் போதும், தீயவனாகவும் இருக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. திறந்ததும் எல்லாரும் ஒரே மாதிரி வில்லனைச் செய்தார்கள்: நகரத்தை வெறுப்பவன், ஊரையெல்லாம் கொடி மூடட்டும் என்பவன். கொடி ஏறிய மந்திரவாதி. எனக்கு அலுத்துவிட்டது.

ஆனால் 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டில் காகா என்ற ட்ரூயிட் வருகிறாள். சோலைக்குள் தஞ்சம் புகுந்த அகதிகளை வெளியே தள்ளிக் கதவடைக்கப் பார்க்கிறாள். சிலையைத் திருடிய ஒரு சிறுமியின் முன்னால் பாம்பை நிறுத்தி வைத்திருக்கிறாள். அவள் பேச்சில் வெறி இல்லை. சோலையைக் காப்பது தன் கடமை, எல்லாருக்கும் இங்கே இடமில்லை, அவ்வளவுதான். சீசர் சொன்ன அந்த விலக்கி வைக்கும் தண்டனை இருக்கிறதே, அது இங்கே முகம் காட்டுகிறது. யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிப்பவன்தான் ட்ரூயிட். நீங்கள் செய்யும் வில்லனின் அறிவு உண்மையானதாக இருக்க வேண்டும். வறட்சி எப்போது வரும் என்று சரியாகச் சொல்ல வேண்டும்; ஊர் அதனால் ஒருமுறையாவது பிழைத்திருக்க வேண்டும். அந்தக் கல்வியை எழுத மறுத்து, தன் தலையில் மட்டும் வைத்துக்கொண்டு, கொல்ல முடியாதவனாகிறான் அவன். அவனைக் கொன்றால் நூலகமே எரிகிறது. கதாநாயகர்கள் கையில் வாளோடு நின்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

பெயர் வைப்பதிலும் சொல்லின் வரலாறு கைகொடுக்கும். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் கொடுங்கள். சீடர்கள் வேல்ஸ் மொழியில் 'தெர்விட்' என்று பணிவோடு அழைக்கட்டும். அந்தப் பெயருக்குள் ஓக் மரம் இருக்கிறது. மலையடிவார ஊர்க்காரர்கள் 'ட்ரீ' என்று குரல் தாழ்த்திச் சொல்லட்டும், குழந்தையைப் பயமுறுத்த. மடத்துத் துறவிகள் தங்கள் ஏட்டில் 'மாகுஸ்' என்று எழுதி வைக்கட்டும். மூர்கூ லத்தீனில் பயன்படுத்திய சொல் அதுதான். மூன்றும் மூன்று பேர் என்று நினைத்துத்தான் ஆட்டக்காரர்கள் தேடத் தொடங்குவார்கள். தெர்விடிடம் மருந்து வாங்குவார்கள், ட்ரீயைப் பிடித்துத் தருவதாக ஊராரிடம் முன்பணமும் வாங்குவார்கள். மடத்து ஏட்டில், கோடை நடுவில் இடுப்பளவு பனி பெய்த நாளைப் பற்றிய குறிப்பைப் படிக்கும்போது எவராவது ஒருவர் தேதியைக் கேட்பார். அதற்கு முந்திய இரவு தெர்விட் எங்கே போயிருந்தார் என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.